மரம் விழுந்து ஆள் அடிபட்டால் யார் பொறுப்பு? அடிக்கட்டையை வைத்துப் பேசுவோம்

#1 நெடுமரம்

மரம் வெட்டும் இடத்தில் ஆள் அடிபட்டால் முதலில் காதில் விழுவது "மரம் திரும்பிடுச்சு". அடுத்தது "திடீர்னு காத்து". மூன்றாவது "சொன்னேன், கேட்கல". பெரும்பாலும் விசாரணை இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. பழி செயின்சா மெஷின் பிடித்தவர் தலையில் விழும், கான்ட்ராக்டர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மரம் தானாகத் திரும்பாது. எந்தப் பக்கம் சாய்வு, எவ்வளவு கட்டை அறுக்காமல் விட்டார்கள், ஆப்பு வைத்தார்களா, ஒதுங்க வழி இருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தடயம் இருக்கும். பாதி அடிக்கட்டையிலேயே தெரியும். மீதி, வேலை தொடங்கும் முன் எடுத்த முடிவுகளில் இருக்கும். அந்த முடிவுகளை எடுத்தவர் பல நேரம் மெஷினைத் தொடாதவர்.

தொழில் தெரிந்தவர்கள் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, அடிக்கட்டையைப் பார்த்து என்னென்ன சொல்ல முடியும். இரண்டு, எந்தத் தவறு யார் கணக்கில் போக வேண்டும். ஆள் பெயர், நிறுவனப் பெயர் வேண்டாம். அளவும் காரணமும் போதும்.

#2 ரம்பப்பல்

முதலில் மூன்று பெயர்களை ஒரே பொருளில் வைத்துக்கொள்வோம். விழ வேண்டிய பக்கத்தில் துண்டு எடுப்பது முன்வாய். எதிர்ப்பக்கத்தில் இருந்து அறுப்பது பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடும் பட்டை கீல். மரத்தைத் திசை மாறாமல் கொண்டுபோவது அந்தக் கீல் ஒன்றுதான்.

கீலின் நீளம் அடிமர விட்டத்தில் சுமார் 80 சதவீதம், தடிமன் சுமார் 10 சதவீதம். 50 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. தடிமன். முன்வாயின் ஆழத்தை விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 செ.மீ. எடுத்தால் அந்த 40 செ.மீ. நீளம் தானாகவே கிடைத்துவிடும். அதனால்தான் முன்வாய் ஆழம் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றுக்குள் இருக்கட்டும் என்கிறோம். வெறும் 5 செ.மீ. கொத்திவிட்டு "வாய் எடுத்தாச்சு" என்றால் கீல் 30 செ.மீ.தான் இருக்கும். பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடும்.

இனி அடிக்கட்டை. சரியாக விழுந்த மரத்தின் அடிக்கட்டையில் முன்வாய்க்குப் பின்னால் ஒரே தடிமனில் ஒரு பட்டை ஓடும், அதில் நார் கிழிந்து நிற்கும். அறுத்த இடம் வழுவழுப்பாக இருக்கும், கீல் இருந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். முழு முகமும் வழுவழுப்பாக இருந்தால் கீலையே அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து மரம் யார் பேச்சையும் கேட்காது. கிழிந்த நார் ஒரு பக்கம் 8 செ.மீ., மறுபக்கம் 2 செ.மீ. என்றால் மரம் தடித்த பக்கம் இழுபட்டிருக்கும். "திரும்பிடுச்சு" என்பதில் பெரும்பகுதி இதுதான். மெஷினின் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனி மறுபக்கத்தில் எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்காததன் விளைவு.

இன்னொன்று பலர் கண்ணில் படாது. முன்வாயின் மேல் அறுப்பும் கீழ் அறுப்பும் ஒரே கோட்டில் சேர வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டி 2 செ.மீ. உள்ளே போயிருந்தால், முன்வாயின் மூலையில் ஒரு மெல்லிய கீற்று தெரியும். மரம் சாயத் தொடங்கியதும் பெரிய வாய் மூடுவதற்கு முன்பே அந்தக் கீற்று மூடிக்கொள்ளும். மேலே அத்தனை எடையும் தள்ளுகிறது, கீழே இடம் இல்லை. கீல் அங்கேயே முறியும், அல்லது தண்டு மேல்நோக்கிப் பிளக்கும். சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது: துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மூலையைக் குனிந்து பார்த்து, தாண்டிய இடத்தைச் சமமாக்கினால் போதும்.

#3 மலைவேம்பு

ரம்பப்பல் சொன்னதோடு கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்வாய் 45 டிகிரி என்றால் மரம் பாதி சாயும்போதே வாய் மூடிவிடும், கீல் அங்கே முறியும், மீதி தூரம் மரம் கட்டுப்பாடு இல்லாமல் போகும். 70 டிகிரிக்கு மேல் திறந்து எடுத்தால் கிட்டத்தட்ட தரையைத் தொடும்வரை கீல் பிடித்திருக்கும். வீடு, வேலி, சாலை பக்கத்தில் இருக்கும் இடத்தில் 45 டிகிரி வாயை எடுத்தவரிடம் "ஏன்" என்று கேட்க வேண்டியதுதான்.

பின்வெட்டு மட்டமாக இருக்க வேண்டும், 45 டிகிரி வாய் என்றால் வாயின் மூலையைவிட 2 முதல் 5 செ.மீ. மேலே. அந்தப் படி இருந்தால் மரத்தின் அடி பின்னால் சறுக்கி வெட்டுபவர் மேல் வராது. சாய்வாக மேலிருந்து கீழே அறுத்துக்கொண்டு வருவது பழக்கத்தில் நிறைய இருக்கிறது. அதில் கீல் எவ்வளவு மிச்சம் என்று வெளியில் இருந்து அளக்கவே முடியாது, ஆப்பும் சரியாக ஏறாது.

#4 வைரம்பாய்ந்தது

> தண்டு மேல்நோக்கிப் பிளக்கும்

இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும், உயிர் போவது அதிகம் இதில்தான்.

விழும் பக்கமே ஏற்கெனவே நன்றாகச் சாய்ந்திருக்கும் மரம். பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்துக்கொண்டு போனால், கீல் அளவுக்கு வருவதற்கு முன்பே மரம் போகத் துடிக்கும். கீல் இன்னும் 15, 20 செ.மீ. தடிமனாக இருக்கும், மடங்காது. மடங்க முடியாத கட்டை நார் போகும் வழியே மேலே பிளக்கும். பின்பாதி ஆள் உயரத்துக்கு மேலேயும் எழும்பி, பின்னால் உதைத்து, பிறகு மொத்தமாகக் கீழே உட்காரும். வெட்டுபவரின் நெஞ்சும் முகமும் நேர் பின்னால் இருக்கும். அடிக்கட்டையில் சாய்வு நாற்காலியின் முதுகு போல ஒரு பலகை நின்றால் நடந்தது இதுதான், வேறு விளக்கம் தேட வேண்டாம்.

இதற்கு வழி குத்தி அறுப்பது. முன்வாயை எடுத்தபின் பக்கவாட்டில் இருந்து பாரைத் தண்டுக்குள் செலுத்த வேண்டும். தொடங்கும்போது பார் நுனியின் கீழ்ப்பாதி மட்டுமே மரத்தைத் தொடலாம். மேல்பாதி தொட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். நுனி உள்ளே இறங்கியபின் பாரை நேராக்கி, கீலுக்கு வேண்டிய 10 சதவீதத்தை முன்னால் விட்டு உள்ளே தள்ளி, பிறகு பின்பக்கமாக அறுத்துக்கொண்டு வர வேண்டும். முழுக்க வெளியே வரக்கூடாது. பின்னால் ஒரு பட்டையை அறுக்காமல் நிறுத்த வேண்டும். 50 செ.மீ. மரத்துக்கு 5 செ.மீ. போல. இப்போது கீலும் தயார், மரமும் நிற்கிறது. சுற்றிலும் பார்த்து, ஆட்கள் விலகிவிட்டார்களா என்று உறுதி செய்துகொண்டு, ஒதுங்கும் வழிப் பக்கம் நின்று அந்தப் பட்டையைச் சற்றுக் கீழே அறுத்தால் மரம் ஒரே மூச்சில் போகும்.

ஒதுங்கும் வழி என்றால் விழும் திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் அல்ல. நேர் பின்னால் அடி உதைக்கும். பின்னால் 45 டிகிரி சாய்வாக, இரண்டு பக்கமும், குறைந்தது 5 மீட்டர், காலில் கொடி சிக்காமல் செதுக்கி வைத்த வழி. மெஷின் ஸ்டார்ட் செய்யும் முன் செதுக்க வேண்டும். மரம் அசைந்ததும் ஒதுங்க வேண்டும், நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒதுங்கியபின் தலைக்கு மேலே பார்வை இருக்க வேண்டும். பக்கத்து மரத்தில் முறிந்த கொப்பு சில நொடி கழித்துத்தான் இறங்கும்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால்: சாய்ந்த மரத்துக்குக் குத்தி அறுக்கத் தெரியாதவரை அனுப்பியவருடையது.

#5 கைக்கோடாலி

எல்லாம் சரி. ஆனா காலம் காலமா வெட்டுறவங்க யாரும் டிகிரி பார்த்து வெட்டுறதில்ல, கண்ணே அளவு. ஒரு நாளைக்கு எத்தனை மரம்னு பேசித்தான் கூட்டிட்டுப் போறாங்க. ஒவ்வொண்ணுக்கும் வழி செதுக்கி, மூலையைக் குனிஞ்சு பார்த்துட்டு இருந்தா அடுத்த வாரம் வேற ஆளைக் கூப்பிடுவாங்க. புத்தகத்துல இருக்கிறதை எழுதிட்டு கடைசியில வேலைக்காரன்தான் தப்புன்னு ஆக்கிடாதீங்க.

#6 மேற்பார்வை

கைக்கோடாலி அண்ணே, நீங்கள் சொன்ன கடைசி வரிதான் இந்த இழையின் மையம். கண்ணளவு தவறில்லை. நல்ல கை 10 சதவீதத்தைக் கோல் வைக்காமலே விடும். ஆனால் "நாளைக்கு எத்தனை மரம்" என்று பேசியவர் அந்தப் பேச்சிலேயே குனிந்து பார்க்கும் நேரத்தை வெட்டிவிட்டார். பிறகு "சொன்னேன், கேட்கல" என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

மரத்தையே கூலியாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமும் அதே வகை. நீளமான தடிக்கு விலை அதிகம். அதனால் துண்டு துண்டாக இறக்க வேண்டிய மரத்தையும் முழுசாகச் சாய்க்கத் தோன்றும். விபத்தின் விதை ஒப்பந்தத்தில் இருக்கிறது, வெட்டில் அல்ல.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கையைப் பாருங்கள். தன் கட்டுப்பாட்டில் உள்ள வேலையிடத்தையும் கருவிகளையும் வேலைமுறையையும் நடைமுறையில் இயன்றவரை பாதுகாப்பாக வைப்பது வேலை கொடுப்பவர் கடமை என்கிறது 16ஆம் பிரிவு. ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் சேர்ந்து செயல்பட வேண்டும் என்கிறது 17. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 13. பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது 21. ஹெல்மெட்டுக்கும் காலுறைக்கும் கூலியில் பிடித்தம் செய்வது இந்தக் கடைசிப் பிரிவோடு நேராக மோதுகிறது. 2022இல் இந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. காட்டு வேலைக்கென்றே அதே அமைப்பு 1998இல் தனி நடைமுறை விதித்தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு, ஆனால் திசை இதுதான்.

என் கணக்கு இப்படி: கீலை அறுத்துத் தள்ளியது வெட்டுபவர் கை. பயிற்சி இல்லாத கையில் மெஷினைக் கொடுத்தது, நேரத்தைக் குறுக்கியது, கீழே ஆட்களை நிற்க விட்டது மேஸ்திரி, கான்ட்ராக்டர் கணக்கு. "வேலியைத் தொடாமல் இன்றைக்கே முடி" என்று நெருக்கியது வேலை கொடுத்தவர் கணக்கு. மூன்றையும் ஒரு காகிதத்தில் தனித்தனி வரியாக எழுத வேண்டும்.

#7 ரம்பப்பல்

மேற்பார்வை சொன்ன "கீழே ஆட்களை நிற்க விட்டது" பற்றி. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுபவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. 20 மீட்டர் மரம் என்றால் சுற்றிலும் 40 மீட்டர். ஏன் இரண்டு மடங்கு? விழும் மரம் இன்னொரு மரத்தைத் தள்ளலாம், நுனிக்கொப்பு தரையில் அடித்து முன்னால் பறக்கும், சரிவில் தண்டு உருளும். அந்தத் தூரம் கிடைக்காத இடத்தில் மரத்தை முழுசாகச் சாய்ப்பது என்ற திட்டமே இல்லை. மேலிருந்து துண்டாக இறக்க வேண்டும்.

அடுத்து கயிறு. பத்துப் பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, ஒருவர் பின்னால் அறுக்கும் காட்சி எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பத்துப் பேரும் மரம் விழும் கோட்டிலேயே நிற்கிறார்கள். இழுப்பவர்கள் மேலே சொன்ன இரண்டு மடங்கு தூரத்துக்கு வெளியே நிற்கும் அளவுக்குக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். முன்னால் உறுதியான வேறொரு மரத்தின் அடியில் கப்பி கட்டி, கயிற்றைத் திசை திருப்பி, இழுப்பவர்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றக் கூடாது. கட்டும் உயரம் மரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கீல் தயாராவதற்கு முன் இழுத்துவிடக் கூடாது. முன்கூட்டியே பலமாக இழுத்தால் நேரான மரத்தையும் சாய்ந்த மரமாக்கிவிடுகிறோம், வைரம்பாய்ந்தது சொன்ன பிளப்பு அப்படியே நடக்கும். தளர்வை மட்டும் எடுத்து வைத்திருந்து, வெட்டுபவர் சைகை காட்டியபின் இழுக்க வேண்டும். சைகை காட்டும் ஆள் ஒருவர்தான். "நிறுத்து" சைகை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

ஆப்பைப் பற்றியும் ஒரு கணக்கு. 20 மீட்டர் மரம், 50 செ.மீ. அடி. முன்வாய் 10, கீல் 5 போனால் பின்னால் 35 செ.மீ. மிச்சம். உயரத்தை இந்த 35 செ.மீ.யால் வகுத்தால் சுமார் 57. ஆப்பு 2.5 செ.மீ. தூக்கினால் நுனி சுமார் 1.4 மீட்டர் நகரும். தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது மரம் பின்பக்கம் 3 மீட்டர் சாய்ந்திருந்தால் ஒரு ஆப்பு காப்பாற்றாது. விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஆப்பை நம்பித் தொடங்கியிருந்தால் அது திட்டத்தில் உள்ள பிழை, வெட்டில் உள்ள பிழை அல்ல. ஆப்பு வைத்தால் பிளாஸ்டிக் ஆப்பாக இருக்கட்டும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் தெறிக்கும்.

#8 வீட்டுத்தோட்டம்

நான் வெட்டுபவர் அல்ல, வெட்டச் சொல்பவர் வரிசையில் இருப்பவர். வீட்டை ஒட்டிப் பெரிய மரம், ஒரு பக்கம் மின்கம்பி. கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்கிறார், அவ்வளவுதான். வேலையைக் கொடுக்கும் முன் நான் என்ன கேட்க வேண்டும்? என்ன பார்த்தால் இவர் வேண்டாம் என்று முடிவு செய்யலாம்?

#9 கப்பிக்கயிறு

நல்ல கேள்வி, வீட்டுத்தோட்டம். தொகையைக் கேட்பதற்கு முன் "எப்படி இறக்கப் போறீங்க" என்று கேளுங்கள். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடக்காமல், மேலே அண்ணாந்து பார்க்காமல், அடியைத் தட்டிப் பார்க்காமல் விலை சொல்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். சுத்தியலால் தட்டினால் திடமான மரம் கெட்டியாக ஒலிக்கும், பொந்து மந்தமாக ஒலிக்கும். அடியில் காளான் வரிசை, வேர்ப் பக்கம் மண் பிளவு, பட்டை உரிந்து தொங்குவது இவை இருந்தால் ஆளை மேலே ஏற்றுவதே கேள்விக்குறி. பட்ட மரத்தில் கீலை நம்ப முடியாது, காய்ந்த நார் மடங்காமல் படக்கென்று முறியும்.

கொப்பு கட்டி இறக்குவதில் கயிற்றைப் பற்றிக் கேளுங்கள். பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1000 கிலோ என்று வைத்துக்கொண்டால் 40 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளத் துண்டு சுமார் 125 கிலோ. அதையே 2 மீட்டராக அறுத்தால் 250. அது கப்பிக்கு மேலே இருந்து விழுந்து கயிறு சட்டென்று இறுகும்போது வரும் இழுவை எடையைப் போலப் பல மடங்கு. மேலே கட்டிய கப்பியிலும் அது கட்டியிருக்கும் மரத்திலும் இன்னும் இரண்டு மடங்கு, ஏனென்றால் கப்பிக்கு இரண்டு பக்கமும் தொங்கும் கயிறு கீழே இழுக்கிறது. ஏறியவர் அதே தண்டில்தான் கட்டிக்கொண்டு நிற்கிறார். அறுபடும் பலம் 3000 கிலோ உள்ள கயிற்றைப் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 300 கிலோவுக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது. முடிச்சு விழும் இடத்தில் பலம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். கீழே பிடிப்பவர் கயிற்றை உராய்வில் நழுவவிட்டு மெதுவாக நிறுத்த வேண்டும். தண்டில் சுற்றி இறுகக் கட்டி வைத்தால் அதிர்ச்சி முழுக்க மேலே போகும்.

ஏறுபவருக்கு மெஷின் ஓடும்போது இரண்டு தனித்தனிப் பிடிப்பு வேண்டும், ஒன்று இரும்புக் கம்பி உள்ளே ஓடும் இடுப்புக்கயிறு. ஒற்றைக் கயிறு மட்டும் என்றால் ஒரு தவறு போதும். மெஷினை இரண்டு கையால்தான் பிடிக்க வேண்டும். ஒரு கையால் கொப்பைப் பிடித்து மறு கையால் அறுப்பதுதான் இடது கை, முன்கை வெட்டுகளுக்குப் பெரிய காரணம்.

முக்கியமான கேள்வி கடைசியில்: "மேலே இருப்பவர் மயங்கினால் கீழே யார் ஏறி இறக்குவார்?" இரண்டாவது சேணமும் (ஏறுபவர் உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை) கயிறும் ஏறத் தெரிந்த ஆளும் அங்கேயே இருக்க வேண்டும். சேணத்தில் அசைவில்லாமல் தொங்குபவருக்கு நிமிடங்கள்தான் இருக்கின்றன. "தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவோம்" என்பது பதில் ஆகாது.

காகிதமாகக் கேட்க வேண்டியவை: தொழிலாளர் விபத்துக் காப்பீடு, மூன்றாம் நபர் சேதத்துக்கான காப்பீடு, வேலை நடக்கும் தேதியில் செல்லுபடியாக வேண்டும். மெஷின் பிடிப்பவரின் பயிற்சிச் சான்று, கான்ட்ராக்டருடையது அல்ல. மரம் வெட்ட அனுமதி தேவை என்றால் அது யார் பெயரில் என்பது. வந்து பார்த்தவர் ஒருவர், வேலைக்கு வருபவர் வேறு துணை ஒப்பந்தக்காரர் என்றால் இதெல்லாம் மறுபடி முதலில் இருந்து.

#10 மின்தடம்

வீட்டுத்தோட்டம் மின்கம்பி என்று எழுதியதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆள், கருவி, கயிறு, வெட்டும் கொப்பு, நான்கில் எதுவும் கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரக்கூடாது. அழுத்தம் கூடினால் தூரமும் கூடும். வரும் வாய்ப்பு இருந்தால் மின் வாரியமே இணைப்பைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு இணைத்து, எழுதிக் கொடுக்க வேண்டும். "போன்ல சொல்லிட்டேன், ஆஃப் பண்ணிட்டாங்க" என்பதை நம்பி ஏறக் கூடாது. பக்கத்தில் யாரோ ஜெனரேட்டர் போட்டாலே இணைப்பு துண்டித்த கம்பியில் மின்சாரம் திரும்ப வரலாம். பச்சைக் கொப்பும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும், மழைக்குப் பின் இன்னும் மோசம்.

கம்பி அறுந்து தரையில் கிடந்தால் 10 மீட்டருக்கு அப்பால் விலகுங்கள். விலகும்போது கால்களைத் தூக்கி எட்டி வைக்காமல், பாதங்களைச் சேர்த்து உரசியபடி நகருங்கள். இரண்டு கால் இருக்கும் இடத்துக்கும் மின்னழுத்தம் வேறுபட்டால் உடம்பு வழியே ஓடும். அடிபட்டவரை ஓடிப்போய்த் தொடக் கூடாது, இரண்டாவது உயிர் அப்படித்தான் போகிறது.

#11 மலைவேம்பு

இன்னொரு இடத்தில் பொறுப்பு மிகத் தெளிவாகத் தெரியும்: வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சிக்கி நிற்பது. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று அப்படியே விட்டுப் போகிறார்கள், யாரோ ஒருவர் அதற்குக் கீழே நடந்து போகிறார்.

சிக்கிய மரத்தின் கீழ் நுழையக் கூடாது. தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது. அதன்மேல் ஏறக் கூடாது. இன்னொரு மரத்தைச் சாய்த்து அதை அடித்து இறக்கவும் கூடாது. அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு துண்டுக்கும் மரம் நிமிர்ந்து எந்தப் பக்கமும் போகலாம். சரியான வழி, கொக்கிக் கோல் வைத்துத் தண்டை உருட்டுவது, அல்லது விஞ்ச் கட்டி அடியைப் பின்னால் இழுப்பது. முடியவில்லை என்றால் நாடா கட்டி, இரண்டு மரத் தூரம் சுற்றி அடைத்து, ஒருவரைக் காவல் வைத்து, கருவி வரும்வரை காத்திருப்பது. நாடாவும் ஆளும் இல்லாமல் விட்டுப்போனால் அது மேஸ்திரியின் முடிவு, அடிபட்டவரின் கவனக்குறைவு அல்ல.

#12 கைக்கோடாலி

மேற்பார்வை எழுதினதைப் படிச்சேன், மூணு வரியா பிரிச்சு எழுதணும்ங்கிறதை ஏத்துக்கறேன். ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்ன கீல் கணக்கு தென்னை, பனைக்குப் பொருந்துமா? இங்க யாரும் அதைப் பேசல.

#13 வைரம்பாய்ந்தது

அப்படியே பொருந்தாது அண்ணே. தென்னையின் கெட்டி வெளிவட்டத்தில்தான் இருக்கிறது, நடுத்தண்டு மென்மை. மேலே போகப்போக இன்னும் மென்மை. அதனால் கீலின் நடுப்பகுதி பேருக்குத்தான், பிடிப்பது இரண்டு ஓரமும். ஒரு ஓரத்தை அறுத்துவிட்டால் திசை போய்விடும். முன்வாய் எடுக்கும்போது ஓரங்களைத் தொடாமல் கவனித்து, கீலைச் சற்றுத் தடிமனாகவே விட்டு, திசைக்குக் கயிற்றையும் கப்பியையும் முதன்மையாக நம்ப வேண்டும். ஆப்பு உள்ளே நசுங்கி இறங்கும், தூக்காது. நார் செயின் உறைக்குள் சுற்றிக்கொள்ளும், அடிக்கடி மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்தி, என்பதை அழுத்திச் சொல்கிறேன். குலையும் மட்டையும் முதலில் இறங்க வேண்டும். தலை எடை குறைந்தபின்தான் அடியில் கை வைக்க வேண்டும்.

#14 ரம்பப்பல்

உடுப்பு பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் விசாரணையில் "எல்லாம் கொடுத்தோம்" என்ற வாக்கியம் கட்டாயம் வரும். செயின்சா கால்சட்டைக்கு ஐ.எஸ்.ஓ. 11393 தரம் உண்டு: வகுப்பு 1 விநாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்கு, 2 என்றால் 24, 3 என்றால் 28. உள்ளே இருக்கும் நீள நார் செயினில் சிக்கிச் சக்கரத்தை நிறுத்துவதுதான் வேலை. ஒருமுறை வெட்டு வாங்கி நார் வெளியே வந்துவிட்டால் தைத்துப் போடக் கூடாது, தூக்கிப் போட வேண்டும். முகத்துக்கு வலை, காதுக்கு மூடி (மெஷின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும்), விரலுக்கு இரும்புக் கவசம் உள்ள காலணி. கொடுத்த நாள், அளவு, வாங்கியவர் கையெழுத்து இவை பதிவேட்டில் இல்லை என்றால் கொடுத்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இரத்தம் நிறுத்தும் பட்டை வண்டியில் அல்ல, வெட்டுபவர் இடுப்பில் இருக்க வேண்டும். தொடையில் பெரிய குழாய் அறுந்தால் வண்டிவரை போய்வரும் நேரம் கிடையாது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் இறுக்கி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும்.

#15 மேற்பார்வை

நெடுமரம் முதலில் கேட்டதற்கு மிச்சமிருக்கும் பதில்: விபத்துக்குப் பின் என்ன செய்தால் உண்மை தங்கும்.

அடிபட்டவரை அனுப்பியதும் வேலை முழுக்க நிற்க வேண்டும். அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. மெஷினைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். செயின் பிரேக் முன்னால் தள்ளியிருக்கிறதா, செயின் தளர்வா, பல் மழுங்கியிருக்கிறதா, பிடிகாப்பு உடைந்திருக்கிறதா என்பதை யாரும் தொடும் முன் படம் எடுக்க வேண்டும். பல் மழுங்கிய செயின் துகளாக அல்ல, மாவு போலத் தூள் தள்ளும். அந்தத் தூளும் தடயம்.

அடிக்கட்டையை நான்கு பக்கமும், மேலிருந்தும், பக்கத்தில் அளவு நாடா விரித்து வைத்துப் படம் எடுங்கள். முன்வாய் ஆழம், கோணம், கீலின் இரண்டு முனைத் தடிமன், பின்வெட்டின் உயரம் ஆகிய ஐந்தையும் அளந்து எழுதுங்கள். முன்வாயிலிருந்து விழுந்த துண்டைத் தேடி எடுத்து வையுங்கள். திரும்பப் பொருத்திப் பார்த்தால் இரண்டு அறுப்பும் ஒரே கோட்டில் சேர்ந்தனவா என்று கையிலேயே தெரியும். மரம் கிடக்கும் திசையையும் நினைத்த திசையையும் வரைபடமாகப் போடுங்கள். ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள் என்பதை, பேசி ஒத்துக்கொள்ளும் முன் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அன்று காலை யார் என்ன வேலை சொன்னார்கள், யாராவது "வேண்டாம்" என்றார்களா என்பதும் அதில் வர வேண்டும்.

விசாரணை அதிகாரி பார்த்து முடிக்கும்வரை அடிக்கட்டையைத் தோண்டவோ மட்டமாக அறுக்கவோ கூடாது. மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்து காய்ந்தால் கிழிந்த நாரும் அறுத்த முகமும் ஒரே நிறமாகிவிடும். "இடத்தைச் சுத்தம் பண்ணிடலாம்" என்று யார் சொன்னாலும், சொன்ன நேரத்தோடு அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

#16 நெடுமரம்

கடைசிப் பதிவில் உள்ள ஐந்து அளவுகளையும் ஒரு பக்கப் படிவமாகப் போட்டு நாளைக்குள் இந்த இழையில் இணைக்கிறேன். ரம்பப்பல், கீல் தடிமனுக்கு இரண்டு முனையோடு நடுவிலும் ஓர் அளவு சேர்க்கலாமா? தென்னைக்குத் தனிக் கட்டம் வைரம்பாய்ந்தது எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்துவிடுவேன்.